பீரங்கி செய்த ஃப்ளோரன்ஸ்: பரசுராமன் முன்னிலையில் சில வார்த்தைகள்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலிஸ் அம்மா அவர்களே, காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் சொந்தங்களே, எங்கள் சோதனைக்கூடத் தோழர்களே! எங்கள் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பரசுராமன் அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம். நீங்கள் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தது நல்லதாயிற்று.

என் பெயர் மொஹ்சின். வண்ணாரப்பேட்டைக்காரன். மறைந்த தலைமை வடிவமைப்பாளர், பொறியாளர் ஃப்ளோரன்ஸ் அவர்களோடு எண்ணூரில் பீரங்கி செய்தவன். பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பீரங்கியின் ரகசியம் எதையும் நான் இங்கே வெளியிடப் போவதில்லை. ஒரு மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். அதை மறைப்பதாக நான் யாருக்கும் உறுதிமொழி கொடுக்கவில்லை.

என்ன பீரங்கி அது? தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தீர்கள். வெடிமருந்தே இல்லாதது. இரண்டு செப்புத் தண்டவாளங்கள், நடுவில் ஓர் உலோகக் குண்டு. சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே பாய்ச்சலாக விட்டால், குண்டு ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் போகும். நம்மை நோக்கி வருகிற ஏவுகணையை வானத்திலேயே உடைக்கும். இராயபுரத்தில் பிறந்த ஒரு கிரேன் ஆபரேட்டரின் மகள் இதைச் செய்தார்! ஊரில் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பெரம்பூர்ல தண்டவாளத்து மேல ட்ரெயின் உடுறாங்க. நான் குண்டு உடுறேன். அவ்ளோதான் வித்தியாசம்."

சோதனைக்கூடத்திலும் அவர் பேச்சு இப்படித்தான். டெல்லி அதிகாரிகள் முன்னாலும் மாற்றிக்கொள்ளமாட்டார். ஒருமுறை ஓர் அதிகாரி கேட்டார், ஏவுகணையைத் தடுக்கத்தான் நம்மிடம் ஏவுகணை இருக்கிறதே, இது எதற்கு என்று. ஃப்ளோரன்ஸ் அவரை ஜன்னலோரம் அழைத்துப் போனார். "அதோ எண்ணெய் டேங்கு கீது, சார். அதுக்குப் பின்னாடி எங்க வூடுங்க. பத்து வந்தா பத்த அடிப்பீங்க. நூறு வந்தா? உங்க ஏவுகணை தீந்துபோச்சுன்னா எரியறது யாரு வூடு?"

தோழர்களே! அந்தப் பீரங்கியின் எமன் அதன் வேகமேதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் தண்டவாளங்கள் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளும். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் காப்புக் கட்டைகள் விரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், டெல்லி விருந்தினர்கள் வந்திருந்த நாளன்று காலை, ஒரு கட்டையில் மயிரிழை போன்ற விரிசலைக் கண்டார் ஃப்ளோரன்ஸ். "இன்னிக்கு வேணாம்" என்றார். பரசுராமன் அவர்கள் கெஞ்சினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஃப்ளோ, ஒரே ஒரு ஷாட். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க!"

"ஒரு ஷாட்டுன்னாலும் அதே கட்டதான், பரசு. உடைஞ்சா எவன் மேல போயி உழும்?"

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால்தான் அந்த ஃப்ளோ, அந்தப் பரசு. பரசுராமன் அவர்கள் ஃப்ளோரன்ஸின் தோளைத் தட்டினார். "சரிம்மா. உன் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. நானே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். மொஹ்சின், இவளைக் கூட்டிட்டுப் போய் ஏதாவது சாப்பிட வைங்க. காலையிலிருந்து பட்டினி."

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? கேன்டீனில் எங்கள் முன் டீ வந்தது. ஃப்ளோரன்ஸ் அதைக் கையில் எடுத்தபோது தரை அதிர்ந்தது. டீ அவர் புடவையில் கொட்டியது. அவருக்குச் சூடு தெரியவில்லை. "சுட்டுட்டான் பாய்" என்றார். எழுந்து ஓடினார்.

உடைந்த கட்டையின் துண்டு பார்வைச் சன்னலைப் பிளந்துகொண்டு போயிருந்தது. சன்னலுக்குப் பின்னால் கேமராவோடு நின்ற நம் பென்னி ரத்தத்தில் கிடந்தான். அவனுடைய வலது கண் போய்விட்டது. பென்னி இதோ நான்காவது வரிசையில் இருக்கிறான். அவனைக் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் பத்திரிகையாளர்களிடம் பரசுராமன் அவர்கள் என்ன சொன்னார்? தலைமை வடிவமைப்பாளரின் பிழை என்றார்! பிழை கண்டு தடுத்தவர் மேலேயே பிழையைப் போட்டார்! விசாரணையில் நான் நடந்ததைச் சொன்னேன். நண்பருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று தள்ளிவிட்டார்கள். ஃப்ளோரன்ஸால் வெளியே வாய் திறக்க முடியவில்லை. நாட்டுக்குக் கொடுத்த ரகசிய உறுதிமொழி அவர் வாயைக் கட்டியது. அதே உறுதிமொழியின் பின்னால் இவர் ஒளிந்துகொண்டார்.

ஃப்ளோரன்ஸின் வேலை போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பென்னியைப் பார்க்கப் போனார். பென்னியின் மனைவி சாண்ட்ரா வாசலிலேயே மறித்தாள். "கண்ண புடுங்கிட்டு இன்னா பாக்க வந்தே? போ!" அவளைக் குறை சொல்ல முடியுமா? அவளுக்குச் சொல்லப்பட்டது அதுதானே! ஃப்ளோரன்ஸ் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை நடையிலேயே வைத்துவிட்டு வந்தார். "நான் சுடலன்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "அவன் கண்ணு அங்க இல்ல, பாய். இதுல என் ஞாயம் இன்னாத்துக்கு?" என்றார். பென்னி வீடு திரும்பியதும் நானே போய்ச் சாண்ட்ராவிடம் சொன்னேன். அன்று மாலையே கணவனும் மனைவியுமாக ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போனார்கள். மூன்று பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்னும் கேளுங்கள்! விரட்டப்பட்ட பிறகும் அந்தக் கட்டையை எப்படிச் சரிசெய்வது என்று யோசித்தது யார்? ஃப்ளோரன்ஸ்! வெளியே எஃகுக் கச்சை போட்டு இறுக்கும் வழியைக் கண்டுபிடித்து, வலியப் போய் நிறுவனத்துக்கே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "உன்ன துரத்தினவனுக்கா சொல்லப் போற?" என்றேன். "அவனுக்கா சொல்றேன்? பென்னி நின்ன எடத்துல இப்ப வேற ஒருத்தன் நின்னுகினு கீறான், பாய்."

கடந்த தை மாதம் கடலுக்கு மேலே பாய்ந்துவந்த இலக்கை நம் பீரங்கி அடித்து நொறுக்கியது. முதல் தொலைபேசி அழைப்பு ஃப்ளோரன்ஸிடமிருந்து. "கட்ட தாங்குச்சா? யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?" அவ்வளவுதான் கேட்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

அன்றிரவு தொலைக்காட்சியில் பரசுராமன் அவர்கள் தோன்றினார். முந்தைய வடிவமைப்பாளர் விட்டுச்சென்ற குறையை நானே முன்னின்று திருத்தினேன் என்றார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸின் பக்கத்தில் ஆலிஸ் அம்மா இருந்தார். மகள் தொலைக்காட்சியை அணைக்கவில்லை, திட்டவில்லை. "என்ன வெளிய தள்னான். சரி. நான் குட்த்ததையும் எடுத்துகினு, என்னையே குறைன்றானே, மம்மி" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு பீரங்கியைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. போன வாரம் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர் சொன்னதற்கு மேல் நான் ஒரு காரணமும் சொல்லமாட்டேன்.

எதிரியின் ஏவுகணை எங்கிருந்து வரும், எப்போது வரும், எந்த உயரத்தில் வரும் என்று இருபது வருடம் கணக்குப் போட்ட பெண்மணி! தோளைத் தட்டிய கையைக் கணக்கில் சேர்க்கவில்லையே!

அன்பர்களே! பணியைத் தொடர்வோம் என்று சொல்வதுதான் இரங்கல் கூட்டத்து வழக்கம். நாங்களும் தொடர்வோம். அது அவருடைய பீரங்கி. அதற்குப் பின்னால் நம் வீடுகள் இருக்கின்றன. இனி அந்தக் கூடத்தில் யார் "வேண்டாம்" என்றாலும், தரை பெருக்குகிறவரே சொன்னாலும், அன்று சுடமாட்டோம். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். அவர் மேல் போட்ட பொய் திரும்பப் பெறப்படும்வரை எங்களில் ஒருவரும் அந்தப் பீரங்கிக்கு மின்னேற்றமாட்டோம். இதற்கு ஒப்புக்கொண்ட தோழர்கள் எழுந்து நில்லுங்கள்.

நன்றி. எல்லோருமே எழுந்துவிட்டீர்கள். பென்னி, நீயுமா! உட்காரப்பா, மெதுவாக.

பரசுராமன் சார், வாசல் பக்கம் பார்க்காதீர்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். பத்திரிகையாளர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆலிஸ் அம்மாவிடம் சொல்லுங்கள், அன்று சுடச் சொன்னது யார் என்று. நான் இறங்குகிறேன். மைக் உங்களுக்கு.