களப்பில் நட்ட கம்பு

பறவை பார்க்கப் போகிறவர்கள் காலையில் தேத்தண்ணியைக் குறைத்துக் குடிக்க வேண்டும், ஐயா. கண்டல் பற்றைக்குள் பாதி நாள் அசையாமல் குந்தியிருக்க வேண்டிவரும். கலியாணம் முடித்த முதல் மாரியிலேயே என் கணவர் பேணாட் அதைச் சொல்லித் தந்துவிட்டார். இரண்டாவதாகச் சொன்னது, வாய் திறக்கக் கூடாது.

மாரிக்கு மாரி மூதூர்ப் பக்கத்துக் களப்புக்குப் போவோம். இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வேன். போன மாரியில், நாங்கள் பற்றைக்குள் இருந்த நேரம், என் தங்கச்சி றீற்றா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். "சத்தம் போடாதை, பூநாரை மேயுது" என்று பேணாட் போனைப் பறித்து நிறுத்திவிட்டார். பின்னேரம் அதைத் திரும்பப் போட்டபோது றீற்றா உயிரோடு இல்லை. நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

அந்தக் களப்பில் மண் அள்ளின கிடங்குகள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் ஏறினால் எல்லாம் ஒரே மட்டமாய்த் தெரியும். அதனால் மீன்பிடிக்கிற ஜமால்தீன் ஒவ்வொரு கிடங்கின் விளிம்பிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார். இந்த முறையும் கட்டினவர். கட்ட மறந்துவிட்டார் என்று அவரைப் பொலிஸில் மறித்து வைத்திருக்கிறீர்களாம். பாவம், விடுங்கோ. கரையோரக் கிடங்கின் கம்பைப் பிடுங்கினது நான். படத்துக்குள் சிவப்பு விழுகுது என்று பேணாட் வருசா வருசம் சலித்துக்கொள்வார்.

அவர் கமராவுக்கு லென்ஸ் பூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு கையால் அந்தப் பக்கம் காட்டினேன். பூநாரைகள் உண்மையாகவே அங்கேதான் நின்றன, நான் பொய் காட்டவில்லை. அவர் கமராவில் வைத்த கண்ணை எடுக்காமல் நடந்து போனார்.

முதலில் நெஞ்சளவு தாழ்ந்தார், பிறகு கழுத்தளவு. அந்தச் சேறு பிடித்தால் விடாது. "இஞ்சேர், கம்பை நீட்டு" என்றார். கம்பு என் மடியில்தான் கிடந்தது. நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

அவர் கேட்கவில்லை. பெரிதாய்க் கத்தினார். அத்தனை பூநாரையும் ஒருமிக்க எழும்பிப் போய்விட்டன.

நடந்ததை நடந்தபடியே எழுதுங்கோ, ஐயா. கம்பைப் பிடுங்கினதும் நான், நீட்டாமல் இருந்ததும் நான். ஆனால் பறவைகளைக் கலைத்தது அவர்தான்.