யார் தலைக்கு வளையம்

சூரியன் மறையும்போது நான் அதற்கு முதுகு காட்டித்தான் நிற்பேன், இன்ஸ்பெக்டர் சார். ஏற்காட்டுக்கு வருகிற கூட்டமெல்லாம் மேற்கே திரும்பி செல்ஃபி எடுக்கும். நான் கரடியூர்ப் பாறையில் கேமராவோடு கிழக்கே பார்த்திருப்பேன்.

கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். முதுகில் வெயில் இருந்தால், நம் நிழல் அந்த மேகத்தின் மேல் பூதம் மாதிரி விழும். நிழலின் தலையைச் சுற்றி, வானவில் நிறத்தில் ஒரு வளையம். அபூர்வம் சார். வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அன்றைக்கு வந்தது. என் தலைக்கு வந்தது.

பக்கத்தில் என் மனைவி காயத்ரி. கேமரா ஸ்டாண்டைத் தூக்கி வந்திருந்தாள்.

"ஏனுங்க, வளையம் என் தலைக்கில்லீங்களா இருக்குது?"

சிரித்தேன். படம் எடுத்துக் காட்டினேன். நிழல் இரண்டு. வளையம் என் நிழலுக்கு மட்டும்.

"அது உங்க கேமரா. உங்களுக்குத்தான் ஜால்ரா போடும். இங்க குடுங்க."

வாங்கி அவளே ஒன்று எடுத்தாள். அதில் வளையம் அவள் தலையில் இருந்தது.

"பாத்தீங்களா? சாமிக்கு ஆளு தெரியுதுங்க. நொம்பத்தான் அலட்டிக்கிட்டீங்க."

அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. படித்திருக்கிறேன். அதை எழுதியவர் கரடியூர்ப் பக்கம் வந்தவரில்லை.

காயத்ரியை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அன்றும் கோபமில்லை. என் கேமராவையே அவள் பக்கம் பேச வைத்துவிட்டாளே என்ற வருத்தம்தான். முதலில் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். லென்ஸ் விலை ஜாஸ்தி. அப்புறம்தான் தள்ளினேன்.

"ஏனுங்க" என்றாள், காபிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

விளிம்பில் ஒரு செடியைப் பிடித்துத் தொங்கினாள். கை கொடுத்திருக்கலாம். ஆனால் மேகம் கலைய ஆரம்பித்திருந்தது. விட்டால் படம் போச்சு. எடுத்தேன். ஒரே நிழல், ஒரே வளையம். குனிந்து பார்த்தபோது செடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கொலைதான். மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மனக்குறை சார். நடந்ததை நடித்துக் காட்டச் சொல்லி, நேற்று சாயங்காலம் அதே பாறைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். மேகம் ஏறியது. நீங்கள் விளிம்போரம் போய் நின்றீர்கள். "யோவ் ஏட்டு, இங்க வந்து பாருய்யா, வளையம் என் தலைக்கு" என்றீர்கள்.

படித்த அதிகாரி. நீங்களும் பொய் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

கையில் விலங்கு இருந்ததால் சும்மா நின்றேன்.