மங்களேஸ்வரி அன்ரி பார்த்த உலகக் கணக்கு

“...அப்ப இருபத்தொன்பதாம் நாள் செத்தவன் என்ன, வாழைப்பழத் தோலில சறுக்கியே செத்தவன்?”

கேட்டவர் மங்களேஸ்வரி அன்ரி. கேள்வி லண்டன் அரசாங்கத்துக்கு. ஆனால் எதிரே நின்றது நிஷாந்தினிதான், இடுப்பில் கைக்குழந்தையும் தோளில் ஈரத்துணியுமாக.

அம்பிட்டியப் பக்கம் ஏறுகிற ஒழுங்கையில், அன்ரியின் வீட்டுப் பின்னறையில் நிஷாந்தினி வாடகைக்கு இருந்தாள். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண். புருஷன் அழகருக்கு அக்குறணையில் இரும்புக் கடையில் வேலை. நாட்டை மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டான். அன்ரி யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்கக் கச்சேரியில் பெரிய லிகிதராக இருந்து ஓய்வெடுத்தவர். ஒரு மகள் லண்டனில், இன்னொருத்தி கனடாவில், தம்பி பெல்ஜியத்தில். அவர்கள் போனில் சொல்கிற சாவுக் கணக்கெல்லாம் விடிந்ததும் கொடிக்கயிற்றடிக்கு வந்து சேரும். “ம்” போட்டால் நீளும் என்று நிஷாந்தினி “ம்” போடுவதையும் விட்டிருந்தாள். அப்போதும் நீண்டது.

கொரோனா என்று கண்டு இருபத்தெட்டு நாளைக்குள் செத்தால்தான் லண்டன்காரன் கணக்கில் சேர்ப்பானாம். அதற்குப் பிறகு செத்தால் அது தலைப்புக் கணக்கில் வராதாம். செத்தவனுக்கு இது தெரியுமா, நாள் பார்த்தா சாகிறான் என்று அன்ரிக்குக் கோபம்.

உள்ளே இருமல் கேட்டது. அன்ரியின் புருஷன் பாலேந்திரன் அங்கிள்.

அன்ரி குரலை ஒரு படி உயர்த்தி பெல்ஜியத்துக்குப் போனார். அவன்தான் நேர்மையான ஆளாம். முதியோர் இல்லத்தில் சந்தேகமாகச் செத்த கிழடுகளைக்கூட விடாமல் சேர்த்தானாம். அதனால் என்ன நடந்தது, உலகத்திலேயே மோசமான நாடு என்று அவன் தலையில்தான் எழுதினார்கள். ஒளித்தவன் எல்லாம் நல்ல பிள்ளை. இன்னொரு நாட்டில் தலைவன் எழும்பி நின்று, எங்கள் நாட்டில் அந்த வருத்தமே இல்லை என்று சொல்லிப்போட்டானாம். வருத்தமும் கேட்டுக்கொண்டு திரும்பிப் போயிருக்கும் என்றார் அன்ரி.

மறுபடியும் இருமல். இந்த முறை இந்தியாவே வேண்டியிருந்தது. சுடலையில் வரிசை, பேப்பரில் வேறு எண். அது அடங்குவதற்குள் அடுத்த இருமல் வந்ததால் அமெரிக்கா. இருமல் பெரிதாகப் பெரிதாக நாடும் பெரிதாகிக்கொண்டே போனது.

கடைசியில் இலங்கைக்கு இறங்கினார். நேற்றுச் செத்தவனைப் போன மாதக் கணக்கில் போடுறாங்கள், போன மாதம் செத்தவனை இன்றைக்குச் சொல்லுறாங்கள், ஒரு அரசாங்கம் என்றால் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டாமா என்று கேட்டு, மூக்கை உறிஞ்சி, சேலைத் தலைப்பால் துடைத்தார். இந்த ஒழுங்கை மட்டும் என்ன திறமாம். கீழ்வீட்டு சஞ்சீவனி ரீச்சர் வீட்டில் எல்லாரும் படுத்த படுக்கை, கேட்டால் மழையில் நனைந்ததாம்.

நிஷாந்தினி துணியை உதறினாள். அவள் அறைக்கும் அங்கிள் படுத்திருக்கிற அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். இரண்டு நாளுக்கு முன் பயந்து பயந்து, ஆஸ்பத்திரிக்குக் காட்டுவோமா அன்ரி என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் இன்னும் காதில் நின்றது.

“ஆருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. சுகாதாரக் கந்தோர் பி.எச்.ஐ. வந்து கேற்றில நோட்டீஸ் ஒட்டினால் பிறகு நீ வேற அறை பார்க்க வேண்டியதுதான். அவரைக் கொண்டு போனாங்கள் எண்டால் முகத்தைக்கூடக் காட்டாமல் எரிச்சுப் போடுவாங்கள்.”

முதல் பாதி மிரட்டல், இரண்டாம் பாதி பயம். அந்தப் பயம் பொய்யில்லை என்பதால்தான் நிஷாந்தினி வாயை மூடிக்கொண்டாள். அதோடு, கைக்குழந்தையோடு இந்த ஊரடங்கில் அவளுக்கு எவன் அறை தருவான்?

அன்ரி நியூசிலாந்துக்குப் புறப்பட்டபோது உள்ளே சத்தமே இல்லை. இருமல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, அடைத்த குழாயில் காற்று ஏறுகிற மாதிரி ஒரு இழுப்பு. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அன்ரிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நியூசிலாந்தின் நடுவில் ஒரு நொடி நின்று, பிறகு விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

நிஷாந்தினி துணியைக் கொடியில் அப்படியே எறிந்துவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனாள். அன்ரி பார்த்தாரா தெரியாது, பேச்சு நிற்கவில்லை. அம்புலன்ஸுக்கு 1990-ஐ அமுக்கி, தெரிந்த சிங்களத்தில் வீட்டு அடையாளம் சொன்னாள். ஆளுக்கு மூச்சு இழுக்கிறது என்றாள். தன் பேரைக் கடைசியாகத்தான் சொன்னாள்.

சைரன் ஒழுங்கையில் ஏறியதும் அன்ரி முகம் மலர்ந்து கேற்றுக்கு ஓடினார். “பார்த்தியே பிள்ளை, ரீச்சர் வீடு பிடிபட்டுட்டுது.”

வண்டி ரீச்சர் வீட்டைத் தாண்டி வந்து அன்ரியின் காலடியில் நின்றது.

இறங்கிய பையனின் வெள்ளை உடுப்பில் பேனையால் தாஸிம் என்று எழுதியிருந்தது. உள்ளே போய் அங்கிளின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தவன் உடனே ஒட்சிசன் முகமூடியை எடுத்தான். ஆளைத் தள்ளுகட்டிலில் ஏற்றி வெளியே கொண்டுவந்த பிறகுதான் கேட்டான், எப்போதிருந்து காய்ச்சல் என்று.

“இண்டைக்கு விடியத்தான் தொடங்கினது,” என்றார் அன்ரி. “லேசாத்தான்.”

அங்கிள் கையை உயர்த்தினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அன்ரியின் பேச்சுக்கு நடுவே அவர் கை உயர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. முகமூடியைத் தூக்கினார்.

“போன பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாளில இருந்து,” என்றார். ஒரு மூச்சு எடுத்தார். “அவவுக்கும்தான். அவவையும் எழுதுங்கோ.”

நிஷாந்தினி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இத்தனை காலையும் எவ்வளவு கிட்ட நின்றோம் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். தாஸிம் அவளையும் உள்ளேயே இருக்கச் சொன்னான், பி.எச்.ஐ. வந்து சோதிப்பாராம்.

அத்தனை நாட்டுக்கும் பதில் வைத்திருந்த அன்ரி நிஷாந்தினியை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, புருஷனின் காலடியில் ஏறி உட்கார்ந்தார்.

கதவு மூடியது. வண்டி திரும்பும்போது கண்ணாடி வழியே பார்த்தால், அங்கிளின் கை அன்ரியின் மடியில் கிடந்தது. அதை இறுக்கிப் பிடித்தபடி அன்ரியின் வாய் அசையத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் தாஸிம் எழுதுவதை நிறுத்திவிட்டு, “ம்” போடுகிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.