தங்கமுத்து தொட்ட கட்டை

கேட்டுக்காகக் கான்கிரீட் போட்டு நட்ட மரக்கால் ஒடிந்துபோனால், மண்ணுக்குள் நிற்கும் அடிக்கட்டையை எடுப்பது லேசான வேலை இல்லை, ஐயா. மற்றவர்கள் சம்மட்டியால் கான்கிரீட்டை உடைத்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். நான் உடைக்கவில்லை. சுற்றிலும் பள்ளம் தோண்டி, சங்கிலி மாட்டி, டிராக்டரால் இழுத்து முழுசாக எடுத்தேன். ஒரு பகல் அதிலேயே போய்விட்டது. ஏன் இவ்வளவு மெனக்கெட்டாய் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

சேவுகம்பட்டியில் என் நிலத்துக்குள் நடந்துதான் தங்கமுத்து தன் மல்லிகைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். பாதை தரமாட்டேன் என்று கேட் போட்டேன். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். கேட்டைக் கழற்ற வந்தவர்கள் அதன் மரக்கால் ஒன்றை ஒடித்துப் போட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது. அடுத்த வருஷம் சர்க்கரை வியாதியில் அவருக்கு இரண்டு கண்ணும் போனது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருப்பதாகப் பொய் சொல்லமாட்டேன்.

கண் போனால் ஆள் வீட்டோடு கிடப்பார் என்று நினைத்தேன். அவரோ தினமும் விடிந்ததும் தனியாக வருவார். கம்பை ஊன்றிப் பாதையோரமாக நடந்து, கட்டை தட்டுப்பட்டதும் குனிந்து அதன் ஒடிந்த தலையைக் கையால் தடவிப் பார்த்து, இடது பக்கம் திரும்புவார். திரும்பினால் அவர் தோட்டம். தடவித் தடவியே மொட்டுப் பறிப்பார். என்னைத் தோற்கடித்த ஆளுக்கு என் கேட்டின் கால் வழிகாட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, நான் அங்கே நிற்பது எப்படித்தான் தெரியுமோ, "என்ன பிரிட்டோ, எந்திரிச்சாச்சா?" என்பார். வழக்கு முடிந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் நான் பதில் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த விசாரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் மனைவி சூர்யகலா மகளைப் பார்க்க வத்தலக்குண்டு போன அன்று வேலையை ஆரம்பித்தேன். கட்டையைக் கான்கிரீட்டோடு இழுத்துப் போய், பதினைந்து அடி தள்ளி, பாதையோரத்திலேயே அதே உயரத்துக்கு நட்டேன். பழைய குழியை மூடி, தண்ணீர் தெளித்து, கெட்டியாக மிதித்தேன். உடைத்திருந்தால் வேறு கட்டை அல்லவா நடவேண்டியிருக்கும்? அவர் கை கண்டுபிடித்துவிடும். புது இடத்துக்கு இடது பக்கம் என் பழைய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. தண்ணீரும் கிடையாது. அறுபது அடிக்குக் கீழே பாறைதான்.

மறுநாள் விடிந்ததும் வந்தார். நான் எதிரில்தான் நின்றேன். கட்டையைத் தொட்டார், தடவினார். ஆனால் திரும்பவில்லை.

"ஏம்ப்பா பிரிட்டோ, இன்னைக்கு நடை கூடுன மாதிரி இருக்கே. இது நம்ம கட்டைதானே?"

நம்ம கட்டையாம்.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை, ஐயா. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"அதேதாண்ணே. திரும்புங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. "பேசிட்டியேப்பா, அது போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.