பின்சீட்டில் ஒலிப்பெட்டி

பஹ்மன்: கதவைச் சாத்தும்மா, குளிருது.

நஸ்தரன்: திறந்தே இருக்கட்டும் ஐயா. முன்னப்பின்ன தெரியாதவர் கார்ல உட்கார்ந்திருக்கேன்...

பஹ்மன்: அட, எனக்கு உன்னாட்டம் ஒரு பொண்ணு... சொந்தத்துல நிறையப் பொண்ணுங்க இருக்காங்க.

நஸ்தரன்: குரல் பதியற சவுண்டு கார்டு விக்கிறவங்க வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. நீங்க என்னடான்னா பூங்கா வாசலுக்கு வரச் சொல்றீங்க.

பஹ்மன்: வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க. இந்தா, பெட்டி. செங்கல் சைஸுதான். விலையெல்லாம் எதுக்கு, சும்மா எடுத்துட்டுப் போ.

நஸ்தரன்: ஐயோ, உபசாரத்துக்கு அப்படிச் சொல்லாதீங்க. விளம்பரத்துல போட்ட விலையைத் தந்துடறேன். புதுசுன்னா என் மூணு மாசச் சம்பளம். ஆனா சோதிச்சுத்தான் எடுப்பேன். மைக்கும் லேப்டாப்பும் கொண்டாந்திருக்கேன்.

பஹ்மன்: யாருக்கு வாங்குற?

நஸ்தரன்: அக்கா பையனுக்கு. வீட்டுலேர்ந்தே இங்கிலீஷ் கிளாஸ். குரல் தெளிவா போகணுமாம்.

பஹ்மன்: படிப்புக்குன்னா சரி. வேற எதுக்காச்சும்னா குடுக்க மாட்டேன்.

நஸ்தரன்: வேற எதுக்கு?

பஹ்மன்: தெரியாத மாதிரி கேக்குற! பொண்ணுங்க போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடி, போன்ல ஊரெல்லாம் பரப்பி... அப்புறம் பெத்தவன் வாசல்ல ஆள் வந்து நிக்குது. இந்தத் தெஹ்ரான்ல பொண்ணுங்க நாலு பேர் கேக்கப் பாடுறதே குத்தம், நமக்கு ஏன் வம்பு?

நஸ்தரன்: ஆமா, ஏன் வம்பு... வயரைக் குத்துங்க.

பஹ்மன்: எங்க?

நஸ்தரன்: பின்னாடி. நீங்கதானே வச்சிருந்தீங்க?

பஹ்மன்: கவிதை வாசிப்பேன். வயசாச்சு, மறந்துபோச்சு.

நஸ்தரன்: ம்... பச்சை விளக்கு எரியுது. மைக்குக்குக் கரண்ட் குடுக்குற பொத்தானை அமுக்குங்க.

பஹ்மன்: இதானே?

நஸ்தரன்: அது ஹெட்ஃபோன் சத்தம்.

பஹ்மன்: அக்கா பையனுக்குன்னு சொன்ன. அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சு வச்சிருக்கியே!

நஸ்தரன்: அவன்தான் சொல்லிக்குடுத்தான்... ஒண்ணு, ரெண்டு, மூணு. ஹலோ.

பஹ்மன்: கேக்குதா?

நஸ்தரன்: கேக்குது. ஆனா இது போதாது. குரல் ஏறினா உடையுதான்னு...

பஹ்மன்: பேசாத! எதிர்ல ரோந்து வண்டி.

நஸ்தரன்: இங்கயா வருது?

பஹ்மன்: நின்னுடுச்சு. மைக்கை மறை. முக்காட்டை இழுத்துவிடு. கேட்டா, நீ என் பொண்ணு.

நஸ்தரன்: என் பேருகூட உங்களுக்குத் தெரியாதே ஐயா...

பஹ்மன்: சும்மா இரு... ஒருத்தன் இறங்குறான்... ச்சே! ஐஸ்கிரீம் வாங்க வந்திருக்கான். இந்தக் குளிர்ல ஐஸ்கிரீம், விளங்கிடும்... போறாங்க. போயிட்டாங்க.

நஸ்தரன்: மைக்கை வெளிய எடுக்கட்டுமா?

பஹ்மன்: எடு. சீக்கிரம் முடி. எனக்கு நேரமாகுது.

நஸ்தரன்: இருங்க. இந்தக் குமிழ் பக்கத்துல என்ன, ஊதாப் புள்ளி?

பஹ்மன்: பெயிண்ட்டு தெறிச்சிருக்கும்.

நஸ்தரன்: நெயில் பாலிஷ் ஐயா. கவிதை வாசிக்கும்போது போட்டுக்குவீங்களோ?

பஹ்மன்: விளையாடாத.

நஸ்தரன்: கதவைச் சாத்துறேன். கண்ணாடியை ஏத்துங்க.

பஹ்மன்: என்ன பண்ணப் போற? ஏய்... பாடாத! நிறுத்தும்மா! யாராவது கேட்டா...

நஸ்தரன்: நிறுத்திட்டேன். ஒரே ஒரு அடிதான். துளி இரைச்சல் இல்ல. ஆறு மாசமா தேடுறேன், இப்படி ஒண்ணு கிடைக்கல.

பஹ்மன்: நீயும் அந்தக் கூட்டம்தானா? அக்கா பையன், இங்கிலீஷு... பொய்யி!

நஸ்தரன்: பொய்தான். உங்களோடது? குமிழைப் புள்ளிக்கு நேரா வச்சா உச்சத்துல பாடினாலும் குரல் உடையல. ஒரு பொண்ணு பாடிப் பாடிப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிருக்கா. நானும் அப்படித்தான் புள்ளி வைப்பேன். யாரு அவ? திருட்டுப் பொருளா இது?

பஹ்மன்: வாயைக் கழுவு! என் பொண்ணோடது. யல்தாவோடது.

நஸ்தரன்: அவளுக்குத் தெரியுமா?

பஹ்மன்: காலேஜு போயிருக்கா. வர்றதுக்குள்ள முடிக்கணும்.

நஸ்தரன்: அடப்பாவமே...

பஹ்மன்: பயமா இருக்கும்மா! கீழ கதவு தட்டுற சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அவ ரூம் கதவைச் சாத்துறேன். அவ பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதான் பயமே. நாலு பேரு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க... காசே வேணாம், எடுத்துட்டுப் போயிடு. உபசாரத்துக்குச் சொல்லல, நிஜமாவே சொல்றேன்.

நஸ்தரன்: இந்தாங்க. வயரையும் சுத்தி வச்சிருக்கேன். எடுத்த இடத்துலயே வச்சிடுங்க.

பஹ்மன்: பைத்தியமா உனக்கு? ஆறு மாசமா தேடுறேன்னியே!

நஸ்தரன்: தேடுறேன். வேணும்தான். ரொம்ப வேணும்.

பஹ்மன்: அப்புறம் என்ன? நீ எடுக்கலன்னா நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பான். அவ நாலு நாள் அழுவா, சாப்பிட மாட்டா, சரியாயிடுவா. பெத்த அப்பன் மேல எவ்வளவு நாளைக்குக் கோவமா இருந்துட முடியும்?

நஸ்தரன்: என் பெட்டியை எங்கப்பா வித்தப்போ நானும் காலேஜுலதான் இருந்தேன் ஐயா. இப்ப என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ தாத்தா மூஞ்சியை இன்னும் பார்த்ததில்ல.