கல்லுக்குழி வேலி

எருத்தேன்பதிப் பக்கம் எனக்கு ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. அந்த ஊர் ஆட்கள் வேறு காளவாய்க்கு வேலைக்குப் போய்விட்ட கோபத்தில், கல் வெட்டியெடுத்த குழியைச் சுற்றி முள்வேலி போட்டேன். அந்தக் குழியில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். அவர்களுடைய மாடுகள் அதைக் குடிக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். காளவாய் அணைந்து பல வருடங்களான பிறகும் வேலியை எடுக்கவில்லை. நான் செய்தது பாவம்.

இந்தக் கோடையில் ஆளனுப்பி வேலியைப் பிரித்து, மாடு இறங்கச் சரிவும் வெட்டவைத்தேன். அவர்கள் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் நான் போகவில்லை.

நேற்று சித்தூர் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“காளவாய்க்காரரு செத்துப்போயிட்டாருங்க, அக்கா.”

“ஆரு சொன்னா?”

“ஆரு சொல்லோணும்? வேலியப் பிரிச்சுட்டாங்கல்ல. அவரு உசுரோட இருந்தா வுடுவாரா?”

“அதுஞ் செரிதான். உன்ற எருமைய விக்கறேன்னியே?”

“தண்ணியில்லாம பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டலாம்னுதான் இருந்தனுங்க. இப்பக் காலைல குழிக்குள்ள எறங்குனா ஏறவே மாட்டீங்குது, மகாராணியாட்ட. இனி விக்கறதில்லீங்க.”

“போறப்பவாச்சும் மனுசன் நல்லது பண்ணிட்டுப் போயிருக்காரு.”

“அதுக்குத்தானுங்க காளவாய் முன்னால கற்பூரம் பத்த வெச்சேன். நல்ல கதிக்குப் போகட்டும்.”

எருமை அவள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த ஊருக்கு நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.