ஓர் எண்டால் தங்கம்

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துப் பழஞ்சாமான் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் துள்ளிக்கொண்டு சொன்னார்.

"இஞ்சை பார், எங்கடை மாப்பிள்ளைக்கு ஏற்ற பழைய கைமணிக்கூடு! முதுகில 'ஓர்' எண்டு வெட்டிக் கிடக்கு. பிரெஞ்சில ஓர் எண்டால் தங்கம்! கடைக்காரன் கவனிக்கேல்லைப் போல, மலிவாத் தாறானாம்!"

"ஓருக்கு முன்னால என்ன கிடக்கு?"

"பிளாக்கே. செய்தவன்ரை பேராக்கும்."

"ஐயோ அப்பா, நான் கூட்டுற பல்லு கிளினிக்கில, பல்லுக்கு மேல படியிற ஊத்தையைத்தான் பிளாக் எண்டுறவை."

"அப்ப இது?"

"மேல படிஞ்சிருக்கிறது மட்டும்தான் தங்கம்."

அவர் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"எண்டாலும் நல்ல வடிவு. வாங்குங்கோ. மாப்பிள்ளையை மட்டும் அதைத் தேய்ச்சு மினுக்க விடாதேங்கோ."